காலண்டர் கிழிக்கிற பேராண்டிக்கு

இன்னாடா பேராண்டி, இன்னிக்கு யாருக்குத் திதி?

முறைக்காத. காலையில பல்லு விளக்கறதுக்கு முந்தி போனைத் தூக்கற. ‘இதே நாளில்’னு தங்க எழுத்துல ஒரு படம் போடற. ஒரு நாள் கவாஸ்கரு, ஒரு நாள் டெண்டுல்கரு. அதெல்லாம் தீந்துபோச்சோ என்னமோ, இப்ப கொஞ்ச காலமா அமெரிக்காக்காரன் பேஸ்பாலுக்குத் தாவிட்ட. திண்டிவனத்துல குந்திக்கினு, நியூயார்க்குல எவன் எந்தத் தேதியில பந்தை வேலிக்கு அந்தாண்ட அடிச்சான்னு ஊருக்குச் சொல்ற. நம்ம கொல்லையில மல்லாட்டை எந்த மாசம் புடுங்கறதுன்னு கேட்டா மட்டும் என் மூஞ்சியப் பார்க்கற.

அடிச்சவன் எவனோ. நாள் எவனோடதோ. கீழ நாப்பது பேரு உனக்கு ‘சூப்பர் நண்பா’ன்னு எழுதறான். ஊரான் வூட்டு நெய்யே, எம் பொண்டாட்டி கையேன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?

நானும் கிரிக்கெட்டு கேட்டவன்தான்டா. பார்த்தவன் இல்ல, கேட்டவன். மெட்ராசுல ஆட்டம் நடந்தா ரேடியோவுல தமிழ்லயே வர்ணனை வரும். அப்துல் ஜப்பார் பேச ஆரம்பிச்சா பந்து வர்றது காதுல தெரியும். விழுப்புரம் ஜங்ஷன்கிட்ட டீக்கடையில ரேடியோவைச் சுத்தி நின்ன கூட்டத்துல, வண்டியத் தவற விட்டவனும் உண்டு, வேணும்னே விட்டவனும் உண்டு. அப்ப எவனும் தேதி கேக்கல. ‘ஸ்கோரு எம்மாம்?’ அம்புட்டுதான்.

சரி, உன் வழிக்கே வர்றேன். தேதியை வெச்சே பேசுவோம்.

ஜனவரி மாசம் வந்தா உனக்கு மெட்ராசு சாதனை அள்ள அள்ளக் கெடைக்குது. 1956-ல வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்காரனைப் போட்டு மொத விக்கெட்டுக்கு 413 ரன்னு அடிச்சாங்க. 2008 வரைக்கும் அதை எவனும் தாண்டல. (நீ அதுக்கு சேப்பாக்கம் படத்தைப் போட்டிருந்த. அந்த ஆட்டம் நடந்தது கார்ப்பரேஷன் ஸ்டேடியத்துலடா. தங்க எழுத்துல போட்டா தப்பு சரியாயிடுமா?) 1975-ல ஆண்டி ராபர்ட்ஸ் ஏழு பேரைச் சாய்க்க, விஸ்வநாத் ஒத்தையா நின்னு அவுட்டாவாம 97. மொத்த டீமும் சேர்ந்தே 190-தான். 1982-ல அதே விஸ்வநாத் 222. 1985-ல இங்கிலாந்துக்காரன் ரெண்டு பேரு, ஃபௌலரும் கேட்டிங்கும், ஒரே இன்னிங்சுல ஆளுக்கு ஒரு எரநூறு. 1988-ல ஹிர்வானி 16 விக்கெட்டு. எல்லாமே ஜனவரி.

‘தாத்தா, ஜனவரிக்கும் மெட்ராசுக்கும் ஏதோ ராசி இருக்குது’ன்னு கண்ணை உருட்டின பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ராசியும் இல்ல, ராகுகாலமும் இல்லடா. மழை. ஐப்பசி கார்த்திகையில இங்க ஆட்டம் வெச்சா ஆளுக்கொரு குடையும் படகும் குடுக்கணும். மார்கழி முடியறப்பதான் தரை காயும். வெயிலும் தாளும். பொங்கலுக்கு லீவு, கூட்டம் வரும். அதனால அந்தக் காலத்துல மெட்ராசுக்குன்னா பொங்கலை ஒட்டித்தான் ஆட்டம் குடுப்பாங்க. பொங்கல் டெஸ்டுன்னே அதுக்குப் பேரு. வருஷா வருஷம் ஒரே மாசத்துல ஆடினா, அந்த மாசத்துல சாதனை நடக்காம ஆடி மாசத்துலயா நடக்கும்?

1982 பொங்கலுக்கு விஸ்வநாத்தும் யஷ்பால் சர்மாவும் ஒரு நாள் முச்சூடும் ஒரு விக்கெட்டு விழாம ஆடினாங்க. நம்மூர்ல அப்ப மாட்டுக்கொம்புக்கு வர்ணம் அடிக்க ஆளு இல்ல. எல்லாப் பயலும் ரேடியோகிட்ட. மாடுங்க அந்த வருஷம் ஒரு கொம்பு செகப்பு, ஒரு கொம்பு வெறுங்கொம்புன்னு ஊர்கோலம் போச்சுங்க.

பிப்ரவரி 10-ன்னு ஒண்ணு போட்ட இல்ல? 1934-ல அந்தத் தேதியில சேப்பாக்கத்துல மொத டெஸ்டு தொடங்கிச்சு. 1952-ல அதே தேதியில, அதே சேப்பாக்கத்துல, இந்தியா மொத தடவையா ஒரு டெஸ்டு ஜெயிச்சுது. ‘பதினெட்டு வருஷம், அதே நாள்!’னு மூணு ஆச்சரியக்குறி வேற. எனக்கு ஒரு சந்தேகம்டா. 1952 ஆட்டம் தொடங்கினது பிப்ரவரி 6-ல. அன்னிக்கே இங்கிலாந்துல ஆறாம் ஜார்ஜ் ராசா செத்துப்போனாரு. மறுநாள் ஆட்டம் இல்லன்னுட்டாங்க. ஆட்டத்துக்கு நடுவுல வர்ற ஓய்வு நாளை அன்னிக்கே எடுத்துக்கிட்டாங்க. இங்கிலாந்துக்காரன் ரெண்டாவது இன்னிங்சுல 183-க்குச் சுருண்டான். இன்னிங்சும் 8 ரன்னும் வித்தியாசம். இன்னும் ரெண்டு பேரு கொஞ்சம் முட்டுக்கட்டை போட்டிருந்தா ஆட்டம் மறுநாளைக்குப் போயிருக்கும். உன் ஆச்சரியக்குறி மூணும் எங்க போயிருக்கும்?

இன்னொண்ணு. அந்த ஆட்டத்துல மன்கட்டு 12 விக்கெட்டு. மொத இன்னிங்சுல 55 ரன்னுக்கு 8. எல்லாருக்கும் தெரியும். ஸ்டம்புக்குப் பின்னால குனிஞ்சு நின்னானே புரோபிர் சென், அவன் மன்கட்டு பந்துல 5 பேரை ஸ்டம்பிங் பண்ணினான். அவனுக்கு எந்தத் தேதி வெச்சிருக்க?

ஹிர்வானி கதையும் அதேதான். பத்தொம்பது வயசுப் பையன், மொத டெஸ்டு, எதுக்க வெஸ்ட் இண்டீசு. 136 ரன்னுக்கு 16 விக்கெட்டு. ஆஸ்திரேலியாவோட பாப் மாசியும் மொத டெஸ்டுல 16-தான் எடுத்தான், ஒரே ஒரு ரன்னு கூட குடுத்து. பெரிய சங்கதிதான். ஆனா அந்த ஆட்டத்துல கிரண் மோரே 6 ஸ்டம்பிங்கு. ரெண்டாவது இன்னிங்சுல மட்டும் 5. உலகத்துல எவனும் அதுக்கு முந்தி செஞ்சதில்ல. பந்து பம்பரமா சுத்தற தரை அது. ரிச்சர்ட்ஸ் கூட்டம் இறங்கி வந்து வீசுது, பந்து கால்சந்துல நழுவுது, இவன் அதைப் புடிச்சு குச்சியைத் தட்டணும். தட்டினான். உன் படத்துல மோரே தொப்பி நுனி கூட தெரியல. அந்த ஹிர்வானி அப்பால ஆடின 16 டெஸ்டுல மொத்தமா எடுத்தது 50 விக்கெட்டு. அந்த அம்பதுக்கும் அவன் இந்தப் பதினாறை விட நாயா பேயா அலைஞ்சிருப்பான். அதுக்குத் தேதி கெடையாது.

இதைத்தான்டா நான் கேக்கறேன். அந்த நாள்ல ஏன் நடந்துச்சு, யாரு பின்னால நின்னான். அதைக் கேக்க மாட்ட. தேதியை மட்டும் துடைச்சுத் துடைச்சு மாட்டி வெப்ப.

1986-ஐ எடுத்துக்க. இது நல்லா இருக்கும், கிட்ட வா.

அந்த வருஷம் ஆஸ்திரேலியாக்காரன் பொங்கலுக்கு வரல. செப்டம்பர் 18-லயே சேப்பாக்கத்துல எறக்கிட்டாங்க. பொரட்டாசி வெயிலு தெரியுமில்ல? காத்து நிக்கும், மேகம் வந்து ஏமாத்தும், சட்டை முதுகுல ஒட்டும். டீன் ஜோன்சுன்னு ஒருத்தன். எட்டு மணி நேரத்துக்கு மேல ஆடினான். வாந்தி எடுத்துக்கினே ஆடினான். ‘முடியல, போறேன்’னான். கேப்டன் பார்டரு என்ன பண்ணினான்? ‘போ, குயின்ஸ்லாந்துலேர்ந்து உரம் உள்ளவன் ஒருத்தனை எறக்கிக்கறேன்’ங்கற மாதிரி சீண்டிவிட்டான். ஜோன்சுக்கு ரோஷம் வந்து 210 அடிச்சிட்டுத்தான் போனான். போனது ஆஸ்பத்திரிக்கு. சலைன் ஏத்தினாங்க. நம்ம கழனியில அதே வெயில்ல நாத்து நட்ட பொம்பளைங்களுக்கு எவனும் எரநூறுன்னு எழுதல, அது கெடக்கட்டும்.

கடைசி நாள் செப்டம்பர் 22. இந்தியாவுக்கு 348 வேணும். கவாஸ்கரு 90. கிரெக் மேத்யூசுன்னு ஒரு ஆஸ்திரேலியாக்காரன் அந்த வேக்காட்டுல ஸ்வெட்டரு மாட்டிக்கினு பந்து போடறான்! நான் பொய் சொல்லலடா. நாம மார்கழிக்கே மாட்டாத ஸ்வெட்டரு. அப்பிடியே ஆட்டத்துல பத்து விக்கெட்டும் எடுத்தான். கடைசி ஓவரு அவன்தான். நாலு ரன்னு வேணும், ஒரு விக்கெட்டுதான் பாக்கி. சாஸ்திரி ரெண்டு எடுத்து, அப்பால ஒண்ணு எடுத்தான். ரன்னு சமம். இப்ப முட்டிக்கினு நிக்கறது மனிந்தர் சிங்கு. ஓவரோட அஞ்சாவது பந்து கால்ல பட்டுது. அம்பயரு விக்ரம்ராஜு விரலைத் தூக்கிட்டாரு. டை. உலகத்துலயே ரெண்டாவது தடவை. மொதல்ல நடந்தது 1960 டிசம்பர்ல பிரிஸ்பேன்ல.

வருஷா வருஷம் செப்டம்பர் 22-க்கு எல்லாரும் படம் போடறீங்க. சந்தோஷம். பந்து மட்டையில பட்டுச்சுன்னு மனிந்தர் இன்னிக்கும் சொல்றான். விரலைத் தூக்கின விக்ரம்ராஜு அதுக்கப்புறம் ஒரு டெஸ்டுல கூட நிக்கல. அதோட சரி. உன் தங்க எழுத்துல அவரு எங்க? நடுராத்திரியில கண்ணை மூடினா அவருக்கு அந்த ஒரு பந்துதானே திரும்பத் திரும்ப வந்திருக்கும்? மத்தவங்களுக்குத் திருநாளு, அவருக்கு?

தேதி போட்டே ஆகணும்னா 1999 ஜனவரி 31-ஐப் போடு. ஞாயித்துக்கிழமை. பாகிஸ்தான் கிட்ட 271 அடிக்கணும். டெண்டுல்கரு முதுகைப் புடிச்சுக்கினு 136. அவரு அவுட்டானப்ப இன்னும் 17-தான் பாக்கி. மீதி மூணு பேரு நாலு ரன்னுக்குள்ள வூட்டுக்குப் போயிட்டான். 12 ரன்னுல தோல்வி. அப்பறம் சேப்பாக்கத்துக் கூட்டம் எழுந்து நின்னு பாகிஸ்தான்காரனுக்குக் கை தட்டிச்சு. அவன் மைதானத்தைச் சுத்தி ஓடினான். தோத்த ஊரு தட்டின கைத்தட்டு அது. அதை மட்டும் நான் மெச்சுவேன். அன்னிக்கு எவன் பேரும் ரெக்கார்டு புஸ்தகத்துல ஏறல. கை தட்டினவனுக்கு ஏது ஆவரேஜு?

ஒரு நாளைக்கு ஒரு ஆட்டம்னு சரியாப் பொருந்தறது என் கணக்குல ஒண்ணுதான். 1934 நவம்பர் 4. ரஞ்சி கோப்பையோட மொத ஆட்டம், மெட்ராசும் மைசூரும், சேப்பாக்கத்துல. மைசூரு 48, மெட்ராசு 130, திரும்ப மைசூரு 59. சாயங்காலத்துக்குள்ள கடை கட்டியாச்சு. ராம்சிங்கு 11 விக்கெட்டு. தேதி போடறவனுக்கு வசதியா ஒரே நாள்ல முடிச்சுக் குடுத்த புண்ணியவானுங்க.

ஏன், நம்மூரு தேதி உனக்குக் கண்ணுல படலியா? 2023 ஆகஸ்டு 23-ல சந்திரயான் நிலாவுல எறங்குச்சு. அந்தத் திட்டத்தை நடத்தினவரு நம்ம விழுப்புரத்து ரயில்வேகாரர் மகன் வீரமுத்துவேலு. அதைப் போட்ட, ஒத்துக்கறேன். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு பூரா போட்டான். 2019 செப்டம்பர் 7-ல முந்தின வண்டி நிலாவுல விழுந்து நொறுங்குச்சே, அந்தத் தேதிக்கு ஒரு படம் வந்துச்சா? அது ஏன் விழுந்துச்சுன்னு குந்தி யோசிச்சதுலதான் இது எறங்குச்சு. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரை ஏறுச்சு. மயிலத்துல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டிச்சு. உன் சித்தப்பன் வூட்டுச் சுவரு அதுலதான் போச்சு. அடுத்த வருஷம் அதே தேதிக்கு நீ போட்ட படம் எதுன்னு ஞாபகம் இருக்குதா? எவனோ அமெரிக்காக்காரன், மட்டையைத் தோள்ல சாத்திக்கினு சிரிக்கறான்.

இப்ப அந்த அமெரிக்காக்காரனைப் பத்திப் பேசுவோம். தேதிப் பைத்தியத்துல அவன் உனக்கு அப்பன்டா.

பேஸ்பாலு எப்பப் பொறந்துச்சுன்னு அங்க ஒரு சண்டை. இங்கிலீஷ்காரன் ஆட்டத்துலேர்ந்து வந்ததுன்னு ஒருத்தன் சொன்னான். அமெரிக்காக்காரனுக்கு மானம் போச்சு. 1905-ல ஒரு கமிஷன் வெச்சாங்க. நம்ம ஊர்ல மட்டும்தான் எடுத்ததுக்கெல்லாம் கமிஷன் வெப்பாங்கன்னு நெனச்சியா? ஒரு வயசான சுரங்க எஞ்சினியரு, கிரேவ்சுன்னு பேரு, கடுதாசி போட்டாரு. ‘1839-ல கூப்பர்ஸ்டவுனுங்கற ஊர்ல அப்னர் டபுள்டேங்கறவன்தான் கண்டுபுடிச்சான், நான் சின்னப்புள்ளையில பார்த்தேன்’னு. கமிஷன் 1907-ல அதை அப்பிடியே ஏத்துக்கிச்சு. டபுள்டே பெரிய போர்த்தளபதி, பேரு எடுப்பா இருந்துச்சு. வேற இன்னா சாட்சி வேணும்?

ஆனா 1839-ல டபுள்டே வெஸ்ட் பாயிண்டு ராணுவப் பள்ளியில படிச்சுக்கினு இருந்தான். அவன் செத்தது 1893-ல. சாவற வரைக்கும் ‘நான்தான் பேஸ்பாலு கண்டுபுடிச்சேன்’னு எங்கயும் சொல்லல. செத்தவன் கேக்கவா போறான்? 1939-ல நூறு வருஷம் ஆச்சுன்னு அதே கூப்பர்ஸ்டவுன்ல ஜூன் 12-ந் தேதி பெரிய அருங்காட்சியகத்தைத் தொறந்து வெச்சு, தபால்தலையும் போட்டுக் கொண்டாடினாங்க. நடக்காத சங்கதிக்கு நூற்றாண்டு விழா! நம்ம அரசியல்காரனுக்கு இது தெரிஞ்சா வுடுவானா?

அப்பறம் 2004-ல ஒரு பழைய காகிதம் கெடைச்சுது. பிட்ஸ்ஃபீல்டுன்னு ஒரு ஊரு. 1791-ல ஊர்க்காரங்க ஒரு கட்டுப்பாடு எழுதி வெச்சிருக்காங்க: புதுசாக் கட்டின பிரார்த்தனை மண்டபத்துக்குக் கிட்ட பேஸ்பாலு ஆடக் கூடாது, சன்னல் கண்ணாடி ஒடையுது. ஆட்டம் பொறந்த தேதி எவனுக்கும் தெரியல. கண்ணாடி ஒடைஞ்ச காலம் மட்டும் பத்திரமா இருக்குது. எனக்கு அந்த ஊர்க்காரனுங்களைப் புடிச்சிருக்குதுடா. நம்ம பள்ளிக்கூடத்துச் சன்னலுக்கு நாங்க கம்பி வலை அடிச்சோமே, அதே புத்தி.

நல்லதும் ஒண்ணு இருக்குது, சொல்லாம விட்டா பாவம். ஏப்ரல் 15. நம்ம சித்திரை ஒண்ணாந் தேதிக்கு மறுநாள். 1947-ல அன்னிக்குத்தான் ஜாக்கி ராபின்சன்னு ஒரு கறுப்பு இளைஞன் அங்கத்திய பெரிய லீக்ல எறங்கினான். அந்தக் காலத்துல அது வெள்ளைக்காரனுக்கு மட்டும்தான்னு கதவை அடைச்சு வெச்சிருந்தாங்க. இப்ப வருஷா வருஷம் அன்னிக்கு எல்லா ஆட்டக்காரனும் அவன் நம்பரு 42-ஐயே முதுகுல போட்டுக்கினு ஆடறான். இங்க கோயிலுக்குள்ள விடமாட்டேன், கொளத்துல எறங்காதன்னு சொன்னதை எல்லாம் பார்த்தவன் நான். அதனால அந்தத் தேதி எனக்குப் புரியுது. அன்னிக்கு அவன் ஒரு ஹிட்டும் அடிக்கல, தெரியுமா? வந்து நின்னதுதான் சங்கதி. நீ அதைப் போடறப்ப மட்டும் நான் லைக்கு போட்டேன். எப்பிடிப் போடறதுன்னு உங்க ஆயாகிட்ட கேட்டுப் போட்டேன்.

அப்பறம் ரிங்கு சிங்கு, தினேஷ் பட்டேலுன்னு ரெண்டு வடநாட்டுப் பசங்க. ஈட்டி எறியறவனுங்க. பேஸ்பாலைக் கையில தொட்டதே கெடையாது. 2008-ல வேகமா எறியறவன் யாருன்னு டி.வி.யில போட்டி வெச்சாங்க. இவனுங்க எறிஞ்சானுங்க. அந்த வருஷ நவம்பர்லயே பிட்ஸ்பர்கு டீமு கையெழுத்து வாங்கிக்கிச்சு. போட்டி வெச்ச அந்த ஆளுங்க நம்ம பக்கம் வந்திருக்கணும். கம்பங்கொல்லையில பரண் மேல நின்னு கவணால குருவி ஓட்டினவனுங்க எத்தினி பேரு! ஒரு கல்லு தப்பாது. இப்பக் குருவியும் இல்ல, கம்பும் இல்ல. நீ இருக்கற. கையில போனு இருக்குது.

போன காணும் பொங்கலுக்கு நம்மூரு டோர்னமெண்டு நடந்துச்சே. பள்ளிக்கூடத்து மைதானம், டென்னிசு பந்து, சுழற்கோப்பைக்குப் பித்தளை மெருகெல்லாம் போட்டு வெச்சிருந்தாங்க. நோட்டுப் புஸ்தகத்துல ஸ்கோரு எழுதினது யாரு? நான்தான். நீ மூணாவதா எறங்கின. கறுப்புக் கண்ணாடி, கைக்கு உறை, மட்டையில எவனோ அமெரிக்காக்காரன் பேரு. எறங்கறதுக்கு முந்தி நாலு பக்கமும் திரும்பிப் பார்த்துக் கோடு கிழிச்ச. பந்து போட்டவன் ஏழாங்கிளாசுப் பையன், செருப்பு கூட போடல. மொத பந்து. நடு குச்சி. தேதி ஜனவரி 16, நேரமும் எழுதி வெச்சிருக்கேன், பதினொண்ணே கால்.

அடுத்த ஜனவரிக்குப் படம் போடறியா, இல்ல நான் போடட்டுமா?